ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு பாங்கு

நேற்று ஒரு கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் நல்ல மனிதர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா பேசும் இடத்தில் பின்னால் ஜெனரேட்டர் இரைகிறது, அதை எடுத்துவிட வேண்டும். முன்பென்றால் "ஏலா" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். இப்போது கணினியில் அதற்கென்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது. அழுத்தினேன். ஜெனரேட்டர் போனது. தூரத்துப் பள்ளிவாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பாங்கும் கூடவே போய்விட்டது. அந்த மனிதரின் குரல் மட்டும் ஊரே இல்லாத ஏதோ ஓர் இடத்திலிருந்து வருவதுபோல் தனியே கேட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெனரேட்டரை எடுக்கச் சொன்னார்கள், பாங்கை எடுக்கச் சொல்லி யார் கேட்டது? பழையபடி மாற்றிவைத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினேன்.

கேத்தல் கொதிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு சத்தம் போடும், கவனித்திருக்கிறீர்களா? யாரோ பக்கத்து அறையில் மெதுவாக மூச்சு விடுவது மாதிரி. என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் படம் அந்தச் சத்தத்தில்தான் தொடங்கியது. படம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பெண் தேத்தண்ணி ஊற்றுகிறாள், அவ்வளவுதான் கதை. அதை எடுத்து முடிப்பதற்குள் நான் பட்ட பாட்டுக்கு ஒரு பெரிய ஹோட்டலே நடத்தியிருக்கலாம்.

கடல் ஊருக்குள் வந்து போன சுனாமிக்கு அடுத்த வருசம் அது. எங்கள் கரையெல்லாம் திடீரென்று பயிற்சி வகுப்புகள் முளைத்த காலம். தையல், கணினி, கேக், சவர்க்காரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வகுப்பு. படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்த நான் வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒரு வகுப்புக்குள் ஒதுங்கினேன். அது வீடியோப் படம் எடுக்கும் வகுப்பாக இருந்தது. பக்கத்துக் கதவைத் திறந்திருந்தால் இன்றைக்கு நான் சவர்க்காரம் செய்துகொண்டிருப்பேன். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால், கீழே ஹார்ட்வெயார் கடை, மேலே நாங்கள். பெயின்ட் வாசமும் கயிற்று வாசமும் மரப்படி வழியாக ஏறிவரும். பின்னேரம் கடற்காற்று வீசத் தொடங்கினால், படம் போட்டுப் பார்க்க நாங்கள் கட்டியிருந்த வெள்ளைத் துணி மெல்ல ஆடும். திரையில் இருக்கிற ஆளும் சேர்ந்து ஆடுவார். இப்போதும் அந்த வகுப்பை நினைத்தால் எல்லாரும் சற்று ஆடிக்கொண்டேதான் நினைவில் வருகிறார்கள்.

வகுப்பில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுடைய படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்கள் குறை நிறை சொல்லவேண்டும். அந்த நேரம் படக்காரன் வாய் திறக்கக் கூடாது. அவன் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டான் என்று, எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கும் வேலையை அவனிடமே விட்டிருந்தோம். கடைசிக் கோப்பை காலியாகும்வரை அவன் ஊமை. மருதமுனை ரிஸ்வி என்று ஒருவன் இருந்தான். நல்லவன், ஆனால் நாக்கில் உப்புக் கொஞ்சம் கூட. தன்னுடைய கருத்துக்கு எதிர்க்கருத்து வரும் என்று தெரிந்தால், கோப்பையின் அடியில் ஒரு மிடறை விட்டு வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

என் படத்தில் வருவது என் உம்மா. ஏன் உம்மா என்றால், வேறு யார் எனக்கு நடித்துத் தரப்போகிறார்கள்? ஆனால் உண்மையான காரணம் வேறு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் அவளுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அவளிடம் வந்து குடியிருப்பார். புது வீடு கட்ட வசதியில்லாத தாயும் தகப்பனும் இருக்கிற வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். உம்மாவுக்கும் அந்த வீடு அப்படித்தான் கிடைத்தது. அந்த வருசம் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. வாப்பா வட்டைக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் சைக்கிளில் வரும்போது, உம்மா அந்தக் குசினியில் நின்று அவருக்குத் தேத்தண்ணி ஊற்றுவார். இனி அந்தக் குசினி ராத்தாவுடையது. அதற்கு முன்னால் ஒரு தேத்தண்ணியையாவது எடுத்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

உம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "என்ட முகத்த எடுக்கப்படா மகன். கைய வேணுமெண்டா எடு. கை எல்லாருக்கும் ஒண்டுதானே."

அப்படியே கைகளை மட்டும் எடுத்தேன். தேயிலைப் போத்தலைத் திறக்கிற கை, கேத்தலின் மூடியைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்குகிற கை, ஆவிக்குள் மறைந்து வெளியே வருகிற கை. எடுத்து முடிக்க ஒரு பின்னேரம் முழுவதும் போனது. நடுவில் கரண்ட் போனது, மாமி வந்து இருந்துவிட்டுப் போனார், நான் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஊற்றச் சொன்னேன். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் தேத்தண்ணி குடிக்காத ஆள் இல்லை.

அதற்குமேல் ஒரு வயலின் இசையைப் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் விம்மப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன். முதலில் பேசியவன் யோகேஸ். காரைதீவுக்காரன், அமைதியானவன், யோசித்துத்தான் கதைப்பான்.

"மச்சான், வயலின் அழச் சொல்லிக் கெஞ்சுது. உங்கட உம்மா ஒண்டும் கெஞ்சல்லயே" என்றான்.

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. வயலினை எடுத்தேன். எடுத்ததும் கேத்தலின் மூச்சும் கரண்டியின் சத்தமும் காகமும் வெளியே வந்தன. எனக்கே படம் பிடித்துப்போனது. அடுத்த கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறுபடி போட்டேன்.

இந்தமுறை யோகேசுக்குப் பிடித்திருந்தது. முக்கியமாக ஓர் இடம். கரண்டியைத் தூக்கிய உம்மாவின் கை அந்தரத்தில் அப்படியே சற்று நேரம் நிற்கும். "நல்லா யோசிச்சு எடுத்திரிக்காய்" என்றான். நான் யோசிக்கவே இல்லை. பாங்கு கேட்டதால் உம்மா கையை நிறுத்தினார். வாய் திறக்கக் கூடாது என்பது சட்டமாயிற்றே, அடக்கமாகச் சிரித்துப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

ரிஸ்வி ஒரு மிடறை மிச்சம் வைத்துவிட்டுத் தொடங்கினான். "எல்லாம் சரி. உங்கட உம்மா ஒரு தேத்தண்ணி ஊத்த அசர்ல இருந்து மஃரிப் மட்டும் எடுத்திரிக்காவே. அவ்வளவு நேரம் ஊறினா சாயம் கசந்திருமே."

எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான். தண்ணீர் கொதிக்கும்போது பின்னேரத்து அசர் பாங்கு கேட்கிறது. கோப்பையில் ஊற்றும்போது பொழுது சாயும் மஃரிப் பாங்கு கேட்கிறது. "பக்கத்துப் பள்ளி எண்டு சொல்லப்போறாய். ரெண்டையும் சொல்றது ஒரே மோதினார். அவருக்கு அண்டைக்குத் தடிமன் வேற. ரெண்டு பாங்கிலயும் மூக்கு அடைச்சிரிக்கு."

வகுப்பே சிரித்து உருண்டது. யோகேஸ் மட்டும், "எனக்குக் கேக்கவே இல்லயே" என்று ஆச்சரியப்பட்டான். உம்மாவின் கை ஒரு பாங்குக்கு நின்றது தெரிந்த எனக்கும், இரண்டு இருப்பது உறைக்கவில்லை. கோயில் மணி கேட்டு வளர்ந்த காரைதீவுக்காரனுக்குக் கேட்காததில் நியாயம் உண்டு. பள்ளிவாசலுக்குப் பின்வளவில் பிறந்து வளர்ந்த எனக்கு? நான் நினைக்கிறேன், எங்கள் காது பாங்கைச் சத்தமாக எடுப்பதில்லை. மருதமுனைப் பக்கம் ஒன்று தொடங்கும், அது முடியுமுன் நடுவில் ஒன்று, பிறகு எங்கள் பள்ளி, அப்புறம் தெற்கே மெல்லியதாக, இன்னும் மெல்லியதாக, கடைசியில் அது பாங்கா கடலா என்று சொல்ல முடியாமல் போகும். சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டு பாயில் கிடப்பேன். உலகத்தின் அந்தக் கோடிவரைக்கும் அப்படியே போய்க்கொண்டிருக்கும் என்று நம்பினேன். இப்போதும் பெரிதாக நம்பிக்கை மாறவில்லை. அப்படிக் கேட்டு வளர்ந்தவன் கமராவுக்குப் பின்னால் நின்று, வெளிச்சம் மாறுகிறதா, ஆவி தெரிகிறதா என்று பார்ப்பானே தவிர, எத்தனை தொழுகை வக்து கடந்தது என்று எண்ணுவானா?

ஊற்றுகிற இடத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதற்குள் ராத்தாவின் கல்யாணம் முடிந்திருந்தது. மச்சான் வந்து குடியேறிவிட்டார். உம்மாவும் வாப்பாவும் நானும் பின்வளவு வீட்டுக்குப் போய்விட்டோம். கிணற்றடியைக் கடந்தால் பழைய குசினியின் பின்வாசல், அவ்வளவுதான் தூரம்.

அசர் தொழுகை முடிந்த கையோடு குசினிக்குள் போய்க் கமராவை நிறுத்தினேன். வெளிச்சம் பின்வாசலில் இருந்து வந்தது. சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காகக் கமராவை வாசல் பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்தி ஓடவிட்டேன். ராத்தா மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். உம்மா வந்தார். இத்தனை காலமும் கை நிறையக் கீரையோடும் குடத்தோடும் விறுவிறுவென்று ஏறிவந்த அந்தப் படியில் ஏறாமல் கீழேயே நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்.

"யாரு?" என்றாள் ராத்தா, திரும்பாமல்.

"நான்தான்."

ராத்தா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "இதென்ன உம்மா புதுசா, சலாமெல்லாம் சொல்லிட்டு நிக்கீங்க?"

"மருமகன் உள்ளுக்கு இரிக்காரோ என்னமோ எண்டு" என்று உம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு தேத்தண்ணி ஊற்றி எடுத்தோம், ஒரு பாங்கும் இல்லாமல், சுத்தமாக. அந்த வேலை முடிந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம்.

அடுத்த கிழமை கெசட்டை அப்படியே போட்டுக் காட்டியபோதுதான் வாசல் இடமும் அதில் இருப்பது நினைவுக்கு வந்தது. தள்ளி ஓட்டுவதற்குள் துணியில் உம்மா வந்துவிட்டார். பின்னால் வெளிச்சம், முகம் முழுக்க இருட்டு. உம்மாவின் நிபந்தனையை வெளிச்சமே காப்பாற்றியிருந்தது. சலாம், யாரு, நான்தான். காற்றுக்குத் துணி ஆட, உம்மா வாசலில் இலேசாக ஆடிக்கொண்டு நின்றார். ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை.

"தேத்தண்ணிய வெட்டு மச்சான். இதான் படம்" என்றான் யோகேஸ். பிறகு, "எங்கட அம்மாவும் அக்காட வீட்டு வாசல்ல இப்பிடித்தான் நிண்டவ. அண்டைக்கு நான் அதப் பாக்கல்ல. இப்பதான் பாக்கன்" என்றான். ரிஸ்வி தன் கோப்பையை ஒரே மடக்கில் குடித்துக் கவிழ்த்து வைத்தான். நீ இப்போது கதைக்கலாம் என்று அர்த்தம்.

அன்றைக்கு வீட்டுக்குப் பறந்து வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ராத்தாவிடம் கமராவின் தீப்பெட்டி அளவுத் திரையில் அதைக் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுடைய முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இத எடுத்துரு தம்பி."

"ஏன்?"

"படம் காட்டுற அண்டைக்கு மாமியாக்கள் எல்லாரும் வருவாங்க. பெத்த தாய வாசல்ல நிக்கவெச்சு யாரெண்டு கேட்டவள் எண்டு சொல்லமாட்டாங்களா?"

"நீ காணாமத்தானே கேட்ட?"

"அது எனக்கும் உனக்கும் தெரியும். படத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

நான் முறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு அப்போது பெரிய கலைஞன் என்று நினைப்பு. கண்முன்னால் தானாக வந்து விழுந்ததை யாராவது எடுத்து எறிவார்களா? ஒரு பக்கம் வகுப்பு முழுவதும் வைக்கச் சொல்கிறது. மறுபக்கம் கல்யாணத்து மருதாணி இன்னும் மங்காத கையால் கண்ணைத் துடைக்கிற என் ராத்தா. அந்த வீட்டில், புது மனிதர்களுக்கு நடுவில், அவள் இன்னும் காலூன்றவில்லை. ஒரு சொல் போதும், ஆயுளுக்கும் அவளைத் தொடர்ந்து வரும். எனக்கும் அது தெரியாமல் இல்லை.

உம்மாவிடம் கேட்டேன். உம்மா படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "அவள் அழுதா நீ எடுத்த படம் எனக்கு என்னத்துக்கு மகன்?" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்.

கடைசியில் பாதிக்குப் பாதி என்று ஒரு முடிவெடுத்தேன். தேத்தண்ணிப் படம் முன்னால் ஓடும். அது முடிந்ததும் உம்மா வாசலில் வந்து நிற்பார், சலாம் சொல்வார். ராத்தாவின் குரல் வருமுன் வெட்டிவிட்டேன். சலாத்தோடு திரை கறுப்பாகும், படம் முடியும். யோகேசுக்குப் பிடிக்கவில்லை. "முடியாத மாதிரி இரிக்கு மச்சான்" என்றான். எனக்கும் கையை முறித்துக் கொடுத்த மாதிரித்தான் இருந்தது. ரிஸ்வி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் காட்டியது ஒரு பாடசாலை மண்டபத்தில். சனிக்கிழமை பின்னேரம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம், ஆனாலும் ஓரங்களால் வெயில் கசிந்து ஆட்களின் தோளில் கோடுகோடாக விழுந்திருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். உம்மா, ராத்தா, ராத்தாவின் மாமியாக்கள் எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். என் படம் வந்தபோது நான் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேத்தல் மூச்சு விட்டது. கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. தேத்தண்ணி ஊற்றியானது. பிறகு உம்மாவின் குரல் மண்டபத்தில் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

திரை கறுப்பானது. அப்போது பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

"வஅலைக்கு முஸ்ஸலாம்."

ராத்தாவின் குரல். அவள் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள், பிறகு ஆண்கள் பக்கம் என்று மண்டபம் முழுவதும் பதில் எழும்பியது. ஒரு சலாம் காதில் விழுந்தால் அதற்குப் பதில் சொல்லாமல் எங்கள் ஆட்களால் இருக்க முடியாது. சொன்னது படமா ஆளா என்று பார்க்க மாட்டார்கள். இருட்டில் யாருக்குச் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அத்தனை பேரும் என் உம்மாவுக்குப் பதில் சொன்னார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யோகேஸ் என் கையைப் பிடித்து, "என்னடா நடந்த?" என்று கேட்டான். "படம் முடிஞ்ச மச்சான்" என்றேன்.

வீட்டுக்கு வரும்போது உம்மாவிடம், நீங்களும் பதில் சொன்னீர்களா என்று கேட்டேன். "நான் சொன்ன சலாத்துக்கு நானே சொல்லவா?" என்று சிரித்தார். ராத்தா உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி.

அன்றைக்குப் பிறகு அந்தப் பின்வாசலில் ராத்தா யாரு என்று கேட்டதே இல்லை. சலாம் கேட்டால் போதும், எந்த வேலையில் இருந்தாலும், "வஅலைக்கு முஸ்ஸலாம், வாங்க உம்மா" என்று உள்ளிருந்து குரல் வரும். மீன்காரர் வந்து சலாம் சொன்னாலும் அதே பதில்தான். மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு, "உம்மா இல்ல தங்கச்சி, சூரை மீன்" என்பார்.

அந்த வகுப்பு இப்போது இல்லை. நாங்கள் இருந்த மாடியில் கைத்தொலைபேசிக் கடை வந்துவிட்டது. எங்கள் கெசட்டுகளின் மேல் அடுத்த வகுப்பார் தங்களுடைய படங்களைப் பதிந்தார்கள், அவர்களுக்கு மேல் வேறு யாரோ. படம் இருந்த கணினியும் ஒருநாள் கண் திறக்கவில்லை. ரிஸ்வி கட்டாரில் இருக்கிறான். யோகேஸ் பொத்துவிலில் படிப்பிக்கிறான், பெருநாளைக்கு மட்டும் கூப்பிட்டுக் கதைப்பான். ஊற்றிக் கொடுத்துவிட்டு வாய் மூடி நிற்கிற அந்த வழக்கத்தை நான் வேறெங்கும் காணவில்லை. இப்போது படத்தைப் போட்ட உடனேயே பெருவிரல் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உம்மா மவுத்தாகிச் சில வருசங்கள் ஆகின்றன. அப்போது அடக்கம் செய்து கொஞ்ச நாள்தான் இருக்கும். நான் ராத்தாவின் குசினியில் உட்கார்ந்திருந்தேன். அவள் அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் ஒரு பெண் குரல் சலாம் சொன்னது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவள்.

"வஅலைக்கு முஸ்ஸலாம், வாங்க உம்மா" என்றாள் ராத்தா.

சொன்ன பிறகு அவளுடைய கை அப்படியே நின்றது. நான் எழும்பிப் போய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் மேசனைக் கூப்பிட்டு அந்த வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டாள். ஃபிரிட்ஜ் வைக்க இடம் போதவில்லை என்று காரணம் சொன்னாள். ஓம், நல்லதுதான் என்று நானும் சொன்னேன். அந்தச் சுவரோரம் இன்றுவரைக்கும் அவள் ஒன்றும் வைக்கவில்லை.